யாத்திரையும் அடுப்பும்

(சங்க மண்டபத்தில் வாலிப அங்கத்தவர்களுக்காக நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இந்த மண்டபத்திலே திருமுறையின் பெருமையையும் நாயன்மார் சரிதங்களையும் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைப்போல் உயர்ந்ததன்று. கையிலே தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சிறிய காஸ் அடுப்பைப் பற்றியே பேசப் போகிறோம். "இதற்கும் சமயப் பணிக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் நினைக்கலாம். தொடர்பு உண்டு. நம் வாலிபர்கள் ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறார்கள். சிவனொளிபாத மலை ஏறுகிறார்கள். கடல் கடந்து மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் போகிறவர்களும் உளர். போகின்ற கூட்டம் எதுவானாலும், பானை சட்டிகளோடு இந்த அடுப்பும் இன்று சேர்ந்தே பிரயாணம் செய்கிறது.

இவ்வாண்டு யாத்திரைக்கு ஆயத்தம் செய்யும்போது, இந்த அடுப்பைக் குறித்து நம் சபையிலே கருத்து வேற்றுமை எழுந்ததை யாவரும் அறிவீர்கள். "வேண்டவே வேண்டாம், நாங்கள் மூன்று கல்லை வைத்துச் சமைக்கவில்லையா?" என்றார்கள் பெரியவர்கள். "விறகு பொறுக்கிக் காட்டிலே நெருப்பு மூட்டுவது மட்டும் நல்லதோ?" என்று கேட்டார்கள் வாலிபர்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. முடிவு சொல்லுமுன், நடந்தவற்றில் இரண்டை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒன்று உலகம் அறிந்தது. மற்றது நம்மிற் சிலர் மாத்திரம் அறிந்தது.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17ஆந் திகதி, வட இந்தியாவின் லக்னோ நகரத்திலிருந்து ஒரு யாத்திரைக் கூட்டம் புறப்பட்டது. தனியாக ஒழுங்கு செய்த றெயில் பெட்டியொன்றிலே அவர்கள் தென்னாட்டுத் தலங்களைத் தரிசித்துக்கொண்டு வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்ததும், அந்தப் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி நிலையத்தை அடுத்த பாதையிலே நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 26ஆந் திகதி விடியற்காலை ஏறக்குறைய ஐந்தேகால் மணி. நித்திரை விட்டெழுந்த சிலர் தேநீர் வைப்பதற்காக, விதியை மீறி ஏற்றி வந்திருந்த காஸ் அடுப்பைப் பெட்டிக்குள்ளேயே மூட்டினார்கள். தீப்பற்றியது. ஒன்பது பேர் மாண்டனர். மீனாட்சியம்மன் கோபுரம் இருக்கும் ஊருக்கு வந்து, இராமேசுவரத்துக்குப் போகும் ஆசையோடு இருந்தவர்கள் அவர்கள்.

அன்பர்களே, அந்த மனிதர்கள் பொல்லாதவர்களும் அல்லர், அறிவற்றவர்களும் அல்லர். நம் வீட்டுப் பெரியவர்களைப் போன்றவர்கள். பிற ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஆசாரமாகத் தாங்களே சமைத்து உண்ணவேண்டும் என்று கருதியிருப்பார்கள். நாமும் அப்படித்தானே கருதுகிறோம்? றெயிலிலே காஸ் கொண்டுபோகலாகாது என்பது இந்தியாவிலே சட்டம். ஆனால், "ஒரு கோப்பைத் தேநீர்தானே!" என்ற எண்ணம் சட்டத்திலும் பலமாக இருந்துவிட்டது.

இனி நம்முடைய கதை. சில ஆண்டுகளுக்கு முன் கதிர்காம யாத்திரையின்போது நாம் பதினைந்து பேர் ஒரு சிறிய மடத்திலே இராத் தங்கினோம். ஆடி மாதக் காற்று. வெளியிலே அடுப்பை மூட்ட மூட்ட அணைந்துகொண்டிருந்தது. "உள்ளே கொண்டுவாருங்கள், கதவைச் சாத்துங்கள்" என்று சொல்லப்பட்டது. அப்படிச் சொன்னது வேறு யாருமல்லர், இப்பொழுது உங்கள் முன் பேசுகின்ற நாமே.

பாதிச் சமையலிலே காஸ் தீர்ந்துவிட்டது. ஒரு தம்பி பழைய ரின்னைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். அது சரியாகப் பொருந்தவில்லை. "சீ" என்ற சத்தம் கேட்டது. பலரும் பேசிக்கொண்டிருந்த ஆரவாரத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அறையின் மறு மூலையிலே இன்னொரு தம்பி நிலத்திலே குந்தியிருந்து, நுளம்புத்திரி கொளுத்துவதற்கு நெருப்புக்குச்சியைக் கையிலே எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் எங்களோடு வந்திருந்த ஓர் அம்மா, "தம்பி, நெருப்புப் பெட்டியைக் கீழை வை! ஏதோ மணக்குது!" என்று சத்தமிட்டார். கதவைத் திறந்தோம். ரின்னைக் கழற்றி வெளியே கொண்டுபோனோம். ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

ஆனால் அன்றிரவு நமக்கு நித்திரை வரவில்லை. அந்த அறையிலே முருகன் படத்தின் முன் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அது சுவரில், நம் தலைக்கு மேலே உயரத்தில் இருந்தபடியால் தப்பினோம். "முருகன் காப்பாற்றினான்" என்று எல்லாரும் சொன்னோம். அது உண்மையே. என்றாலும், அவன் ஒரு முறை காப்பாற்றியதை மறுமுறையும் சோதித்துப் பார்ப்பது பக்தியாகாது. அன்று எங்கே தவறினோம் என்பதை அதன்பின் கேட்டும் படித்தும் அறிந்தோம். அதையே இன்று சொல்ல வந்தோம்.

முதலிலே காஸின் இயல்பை அறியவேண்டும். விறகடுப்பின் புகை மேலே போவதைப் பார்த்துப் பழகிய நாம், காஸும் மேலே போய்விடும் என்று எண்ணுகிறோம். இந்தக் காஸ் அப்படிப்பட்டதன்று. யாத்திரை அடுப்பின் ரின்னிலே பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமானது. வீட்டுச் சிலிண்டரிலே அதனோடு கலந்திருக்கும் புரொப்பேன் ஒன்றரை மடங்கு பாரமானது. ஆகவே கசிகின்ற காஸ் தண்ணீரைப்போலத் தரையிலே ஓடும். மூலையிலும் பள்ளத்திலும் தேங்கும். உயரத்திலிருந்த விளக்கு நம்மைச் சுடாததற்கும், நிலத்திலே கொளுத்தவிருந்த நுளம்புத்திரி நம்மைக் கொன்றிருக்கக்கூடியதற்கும் காரணம் இதுவே. குத்துவிளக்கும் கர்ப்பூரமும் சாம்பிராணித் தட்டும் நிலத்திலே இருக்கும் இடங்களில் வாழ்கின்ற நமக்கு இது மிகவும் முக்கியமானது.

இரண்டாவது, அந்தச் சிறிய ரின்னுக்குள் அடங்கியிருக்கும் அளவு. அதிலே இருப்பது கால் கிலோகிராமுக்கும் குறைவான காஸ்தான். ஆனால் அது உள்ளே திரவமாக அமுங்கி இருக்கிறது. வெளியே வந்தால் இருநூறு மடங்குக்கும் மேலாகப் பெருகும். காற்றிலே நூற்றுக்கு இரண்டு பங்கு பியூட்டேன் கலந்தாலே தீப்பற்றும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு ரின் காஸ் ஏறக்குறைய 5 கன மீற்றர் காற்றை எரியக்கூடியதாக்கிவிடும். நான்கு பேர் படுக்கும் கூடாரத்தினும் அது பெரிய இடம். கையிலே ஒரு ரின் இருக்கும்போது ஓர் அறையைத் தீக்கிரையாக்கக்கூடிய பொருள் கையில் இருக்கிறது என்று எண்ணவேண்டும்.

மூன்றாவது, வெப்பம். ரின் சூடேறச் சூடேற உள்ளே அமுக்கம் கூடும். 20 பாகை செல்சியஸில் உள்ள அமுக்கம் 50 பாகையில் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். அதனாலேதான் 50 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலே வைக்கக்கூடாது என்று ரின்களில் அச்சிட்டிருக்கிறார்கள். நடு வெயிலிலே கண்ணாடி மூடி நிறுத்திய வானுக்குள் அந்தச் சூடு வருவதற்கு அதிக நேரம் செல்லாது. கோயிலுக்குள் போய்த் தரிசனம் முடித்து வருவதற்குள் வந்துவிடும்.

இந்த மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டால், அடுப்பைக் கையாளும் முறை தானாகவே விளங்கும்.

அடுப்பை எப்பொழுதும் திறந்த வெளியிலே, மட்டமான நிலத்திலே வைக்கவேண்டும். கூடாரத்திலும், வானிலும், றெயிலிலும், கதவு சாத்திய அறையிலும் மூட்டலாகாது. காற்று அடித்தால் ஓர் எட்டத்தில் கல்லையோ தகரத்தையோ மறைப்பாக வைக்கலாம். அடுப்பையும் ரின்னையும் சேர்த்துச் சுற்றி மூடிவிடக்கூடாது; சூடு வெளியே போக வழியின்றி ரின்னிலே ஏறும். உகந்தைக்கு அப்பால் குமணை, யாலைக் காட்டு வழியிலே ஆடி மாதத்துச் சருகு காய்ந்து கிடக்கும். அங்கே அடுப்பைச் சுற்றி நிலத்தைக் கூட்டித் துப்புரவு செய்து, ஒரு வாளி தண்ணீரும் பக்கத்திலே வைத்த பின்பே மூட்டவேண்டும்.

பாத்திரம் அடுப்புக்கு ஏற்ற அளவாக இருக்கவேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பெட்டி போன்ற அடுப்பிலே ரின் ஒரு பக்கத்து அறைக்குள் படுத்திருக்கிறது. அதன் மேலே அகன்ற தோசைக்கல்லையோ கிடாரத்தையோ வைத்தால், அதன் விளிம்பு ரின்னுக்கு மேலாக நீண்டு, சூட்டை ரின்னின் மேல் இறக்கும். ஐம்பது பேருக்குச் சமைக்கவேண்டுமென்று இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து, ஒரே கிடாரத்தை இரண்டின் மேலும் ஏற்றுவது அதனிலும் ஆபத்தானது. அப்படிச் செய்து ரின் வெடித்த விபத்துகள் யப்பான் போன்ற நாடுகளிலே நடந்திருக்கின்றன. அன்னதானத்துக்கு இந்த அடுப்பு ஏற்றதன்று. அது நாலைந்து பேருக்குத் தேநீரும் கஞ்சியும் வைப்பதற்கு உரியது. தூபக்காலுக்கு வேண்டிய சிரட்டைக் கரியை இதன்மேல் வைத்துக் கனற்றுவதும் கூடாது. அந்தச் சூடு முழுவதும் கீழ்நோக்கி அடுப்பிலே இறங்கும்.

ரின்னை மாற்றும்போது அடுப்பைக் கொஞ்ச நேரம் ஆறவிடவேண்டும். வெளியிலே, பகல் வெளிச்சத்தில் அல்லது ரோச் வெளிச்சத்தில் மாற்றவேண்டும். விளக்கு, மெழுகுதிரி, சிகரெற், நுளம்புத்திரி ஒன்றும் அருகில் இருக்கக்கூடாது. ரின்னின் வாயிலுள்ள வெட்டு அடுப்பின் காட்டிக்கு நேராகப் பொருந்தவேண்டும். பலவந்தம் பண்ணலாகாது. பூட்டியபின் காதைக் கொடுத்துக் கேளுங்கள், மூக்கால் மணந்து பாருங்கள். சந்தேகமிருந்தால் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள்; கசிவு இருந்தால் குமிழி எழும்பும். நெருப்புக்குச்சியைப் பிடித்துச் சோதிப்பது மூடத்தனம். காஸுக்கு இயல்பாக மணம் மிகவும் குறைவு. நாம் அறியவேண்டுமென்றே கெட்ட மணமுள்ள பொருளொன்றை அதனுடன் கலந்து விற்கிறார்கள். அந்த மணம் ஓர் எச்சரிக்கை. தடிமன் பிடித்து மூக்கடைத்தவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சிவனொளிபாத மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 2,243 மீற்றர் உயரம்; விடியற்காலையில் நல்ல குளிர். பியூட்டேன் ஏறக்குறையப் பூச்சியப் பாகையிலே ஆவியாவதை நிறுத்திவிடும். எரியும்போது ரின் தன் சூட்டையும் இழப்பதால், மலைக் குளிரிலே சுவாலை சுருங்கிப் போவதுண்டு. உடனே ரின்னை வெந்நீரிலே வைக்கவும், இன்னோர் அடுப்பின் அருகே காட்டவும் சிலருக்குக் கை துடிக்கும். அப்படிச் செய்யாதீர்கள். வழியிலுள்ள கடைகளிலே தேநீர் கிடைக்கும்.

கூடாரத்துக்குள் மூட்டலாகாது என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றோட்டம் இல்லாத இடத்திலே காஸ் அரைகுறையாக எரிந்து, காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, மயக்கம் என்று தொடங்கி, நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோகும். நீல நிறமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாக எரிந்தால் அடுப்பை உடனே அணைத்துவிடுங்கள்.

தீர்ந்துபோன ரின்னிலும் சிறிது காஸ் இருக்கும். அதைக் குப்பையோடு சேர்த்து எரிக்கவோ, நெருப்பிலே எறியவோ கூடாது. பெரிய சிலிண்டரிலிருந்து சிறிய ரின்னை நிரப்பித் தருகிறோம் என்று எவர் சொன்னாலும் உடன்படாதீர்கள். அந்த மெல்லிய தகரம் ஒருமுறை நிரப்பிப் பாவித்து எறிவதற்காகச் செய்யப்பட்டது. விமானத்திலே போகிறவர்கள் இந்த ரின்னைக் கைப்பையிலும் வைக்கக்கூடாது, பெரிய பெட்டியிலும் வைக்கக்கூடாது.

தாய்மார்களே, யாத்திரை போகாத நமக்கென்ன என்று நீங்கள் இருந்துவிடலாகாது. 2021ஆம் ஆண்டு நவம்பர், திசெம்பர் மாதங்களில் நம் நாட்டின் பல பகுதிகளிலும் வீட்டுக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி நாள்தோறும் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கும் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அறிக்கை கொடுத்தது. புரொப்பேன் கூடினால் அமுக்கம் கூடும். அப்பொழுது பழைய குழாயும் தேய்ந்த றெகுலேற்றரும் தாங்கமாட்டா. காஸின் கலவை நம் கையில் இல்லை. குழாயையும் றெகுலேற்றரையும் காலத்துக்குக் காலம் மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 2022இல், காஸே கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்களை நாம் எல்லாரும் அனுபவித்தோம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளிலும் இருந்தவர்கள் விறகு மூட்ட இடமின்றித் தவித்தார்கள். மின்சாரமும் மணிக்கணக்காக இல்லை. அத்தகைய வேளையில், யாத்திரைக்கு வாங்கிய அடுப்பு குசினிக்குள்ளே வந்துவிடுவது இயல்பு. மறுபடியும் அப்படி ஒரு காலம் வந்தால், யன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள். மெழுகுதிரி வெளிச்சத்திலே ரின் மாற்றாதீர்கள். மேலதிக ரின்களை அடுப்புக்குக் கீழே அடுக்காதீர்கள்.

ஆபத்து வந்தால் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். காஸ் மணம் வந்தால் அடுப்பை மூடுங்கள். கதவு யன்னல்களைத் திறவுங்கள். மின்சாரச் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். அதன் சிறு பொறியே போதும். எல்லாரையும் வெளியே கொண்டுபோய், வெளியிலிருந்து தொலைபேசியில் அழையுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். உடையிலே தீப்பிடித்தால் ஓடாமல் நிலத்திலே விழுந்து புரளவேண்டும். சமைப்பவர் சால்வையையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகிக்கொள்வது முதற் காவல். ரின்னையே தீ சூழ்ந்துவிட்டால் அதைத் தூக்க முயலவேண்டாம். எல்லாரும் தூர விலகுங்கள். சுட்ட புண்ணிலே பற்பசை, பேனை மை, தேங்காயெண்ணெய் எதுவும் பூசாமல், இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். வீக்கம் வருமுன் மோதிரம், காப்புகளைக் கழற்றுங்கள். தீயணைப்புக்கு 110, நோயாளர் வண்டிக்கு 1990. இந்த இரண்டு இலக்கங்களையும் ஒவ்வொருவரும் மனனம் செய்யவேண்டும்.

இனி, சபையிலே எழுந்த கேள்விக்கு வருவோம். அடுப்பு வேண்டுமா, வேண்டாமா?

நம் கருத்து இது. மதுரையிலும் நம் மடத்திலும் தவறு அடுப்பிலே இல்லை. நெருப்புக்கு ஓர் ஆள் இல்லாதிருந்ததே தவறு. மடத்திலே பதினைந்து பேர் இருந்தோம். ஒருவர் மூட்டினார், ஒருவர் உள்ளே கொண்டுவரச் சொன்னார், ஒருவர் ரின் மாற்றினார், ஒருவர் நுளம்புத்திரி எடுத்தார். பதினைந்து பேருக்கும் பொதுவாக இருந்த நெருப்பை ஒருவரும் காவல் செய்யவில்லை. கோயிலிலே அப்படி நடப்பதுண்டா? ஓமகுண்டத்திலே அக்கினி வளர்த்தால், அதன் முன்னே குருக்கள் ஐயா இருக்கிறார். கண்டவர்கள் கண்டபடி நெய் ஊற்ற விடமாட்டார். அக்கினி அடங்கும்வரை எழுந்து போகவும் மாட்டார். அந்த ஒழுங்கைச் சமையல் நெருப்புக்கும் கொடுக்கவேண்டும் என்பதே நாம் கேட்பது.

ஆகையால், யாத்திரை செல்லும் ஒவ்வொரு குழுவிலும் இருவரை அடுப்புக்குப் பொறுப்பாக நியமிக்கவேண்டும்; ஒருவர் வாலிபர், மற்றவர் பெரியவர். அவர்களைத் தவிர வேறொருவரும் அடுப்பையும் ரின்னையும் தொடக்கூடாது. எரியும் அடுப்பைவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் அகலக்கூடாது. "இந்த இடத்தில் மூட்டக்கூடாது" என்று அவர்கள் சொன்னால், குழுத் தலைவரானாலும், பேச்சாளரானாலும், அதற்கு அடங்கவேண்டும். அன்று "உள்ளே கொண்டுவாருங்கள்" என்று நாம் சொன்னபோது, "ஐயா, அது கூடாது" என்று மறுத்துச் சொல்லும் உரிமை ஒரு தம்பிக்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பெரியவர்கள் சொல்லை வாலிபர்கள் கேட்கவேண்டும் என்று நாம் எப்பொழுதும் போதிக்கிறோம். நெருப்பின் முன்னிலையில் வாலிபர் சொல்லைப் பெரியவர்களும் கேட்கப் பழகவேண்டும்.

இந்த ஒழுங்குக்குச் சபை உடன்பட்டால் அடுப்பு யாத்திரைக்கு வரட்டும். உடன்படாவிட்டால் அவலும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு போவோம். முருகன் குறை நினைக்கமாட்டான். தேநீர் இல்லாமல் ஒரு காலைப்பொழுது கழியும். பிள்ளை இல்லாமல் ஒரு தாயின் காலம் கழியாது.

இவ்வாண்டு போகிற அத்தனை பேரும், நெற்றியிலே திருநீற்றோடு சுகமாக வீடு திரும்ப எல்லாம் வல்ல முருகப்பெருமான் அருள்புரிவானாக.